மலைத்தாயின் நேரமும் குழந்தையின் எடையும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊராட்சிகள் இன்றும் 'நாடு' என்ற பழம்பெயராலேயே வழங்குகின்றன. அவ்வாறான 14 நாடுகளுள் ஒன்று எடப்புளி நாடு. வீடுகள் ஓரிடத்தில் குவிந்திராமல், வயலும் மேடும் ஓடையும் இடையிட்ட சிற்றூர்களாகச் சிதறிக் கிடப்பதே இம்மலையின் குடியிருப்பு முறை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 40 ஆயிரம் பேர் வாழும் மலையில் மிகப் பெரும்பாலோர் 'மலையாளி' என்னும் பழங்குடியினர். இத்தகைய ஊர்களில் ஒரு குழந்தை எடை குறைந்திருந்தால், தாய்க்கு விழிப்புணர்வு போதவில்லை என்று எழுதி முடித்துவிடுவது அலுவலகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் பழகிப்போன வழக்கம். உண்மையில், எதை ஊட்ட வேண்டும் என்பதைத் தாய் அறிந்திருந்தாலும், ஊட்டுவதற்கு அவளுக்கு நேரம் இருக்கிறதா, உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளே மலைக்குழந்தையின் வளர்ச்சியைப் பெரிதும் முடிவு செய்கின்றன.

கருத்தரித்த நாள் முதல் குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் வரையிலான காலத்தை மருத்துவர்கள் 'முதல் 1000 நாட்கள்' என்பர். மூளையும் உயரமும் மிக வேகமாக வளரும் காலம் இது என்பதால், இப்போது ஏற்படும் குறையைப் பிற்காலத்தில் எவ்வளவு ஊட்டினாலும் முழுமையாக ஈடுகட்ட இயலாது. வயதுக்கேற்ற உயரம் இல்லாமை நெடுநாள் ஊட்டக்குறையையும், உயரத்துக்கேற்ற எடை இல்லாமை அண்மையில் நேர்ந்த மெலிவையும் காட்டும். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 25 பேர் உயரம் குன்றியவர்களாகவும், ஏறத்தாழ 15 பேர் மெலிந்தவர்களாகவும் இருந்தனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்தில் இந்நிலை என்றால், பிரசவத்துக்குப் பின் வீட்டில் நிகழ்வனவற்றில்தான் குறை தங்கியிருக்கிறது எனக் கொள்ள வேண்டும்.

முதற்சிக்கல் குளிர். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கும் கொல்லிமலையின் மார்கழி, தை இரவுகளில், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த சிசு தன் உடற்சூட்டை எளிதில் இழந்துவிடும். சிசுவைத் துணியின்றித் தாயின் மார்போடு சேர்த்து, இருவரையும் சேர்த்துப் போர்த்திவைக்கும் 'கங்காரு பராமரிப்பு' 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை. பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால் எடை குறைந்த சிசுக்களின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. செலவில்லாத மருத்துவம் இது; ஆனால் ஒரு நாளில் பல மணி நேரம் தாய் எழாமல் இருக்க வேண்டும் என்பதால், அந்நேரத்தில் தண்ணீரும் விறகும் யார் கொண்டு வருவது என்பதற்கு வீட்டில் விடை இருந்தால்தான் நடைபெறும். தந்தையும் பாட்டியும் முறைவைத்து மார்போடு அணைத்துக்கொள்ளலாம் என்பதைச் செவிலியர்கள் இன்னும் உரக்கச் சொல்வது நல்லது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய சீம்பாலுக்கு முன்பாகச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைக்கும் 'சேனை' வழக்கமும், வசம்பு முதலியவற்றை இழைத்துப் புகட்டும் உரை மருந்தும் மலைக்கு மட்டும் உரியன அல்ல, சமவெளியிலும் உண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் அன்றித் தண்ணீரும் வேண்டியதில்லை என்பதைச் சொல்லும்போது, சேனை வைக்கும் பெரியவரைப் பழித்துப் பேசாமல், சிசுவை முதலில் கையில் வாங்கும் உரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்துச் சேனையை மட்டும் நிறுத்தச் சொல்வதே பலன் தரக்கூடும்.

ஆறு மாதம் நிறைந்தபின் இணையுணவு தொடங்குகிறது. இணையுணவு என்பது தாய்ப்பாலை நிறுத்தாமல் அதனோடு சேர்த்துக் கொடுக்கும் திட உணவு. குழந்தையின் இரைப்பை சிறியதாகையால் ஒருவேளைக்குச் சில கரண்டிக்கு மேல் கொள்ளாது; எனவே நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை, குழைவாகவும் கெட்டியாகவும், பொறுமையாக ஊட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் கொல்லிமலையின் வேளாண் வரலாறு குழந்தையின் கிண்ணத்துக்குள் வருகிறது. கட்டவெட்டிச் சாமை, திரிகுலச் சாமை, மல்லியச் சாமை என்று சாமையிலேயே பல வகைகளைப் பேணிவந்த மலை இது. தினையும் கேழ்வரகும் பனிவரகும் உடன் விளைந்தன. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு பரவியதும், சிறுதானிய நிலம் சுருங்கியது. கிழங்கு காசு தந்தது, அந்தக் காசு தேவையாகவும் இருந்தது. அதனால் விவசாயியைக் குறைசொல்ல முடியாது. ஆயினும் 100 கிராம் மரவள்ளியில் புரதம் ஒன்றரை கிராம் அளவுக்கே இருக்க, சாமையில் 8 முதல் 10 கிராம் வரை உண்டு. கேழ்வரகிலோ பசும்பாலில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு.

சாமையைக் கைவிட்டதற்கு விலை மட்டும் காரணமன்று. சாமை மணி மிகச் சிறியது. அதன் உமியும் மணியோடு இறுகப் பிடித்திருக்கும். அறுத்துக் காயவைத்த தானியத்தைக் கல் மண் நீக்கி, உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாத மணிகளை மறுபடியும் உரலில் இட்டுக் குத்தினால்தான் அரிசி கிடைக்கும். குடும்பத்துக்கு ஒருவேளைச் சோறாக்கவே நெடுநேரம் பிடிக்கும் இவ்வேலை பெண்களின் தலையிலேயே விழுந்தது. ரேஷன் அரிசியோ கழுவி உலையில் போட்டால் போதும். பழைய உணவுக்குத் திரும்பச் சொல்லும் அறிவுரை, உலக்கையைப் பிடிக்கப்போவது யார் என்று கேட்காதவரை, தாயின் நேரத்தை மேலும் பறிப்பதாகவே முடியும். 1990களிலிருந்து இம்மலையில் பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதைகளைக் காப்பதோடு நில்லாமல், சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுசென்றது. குழந்தை நலத் திட்டம் என்ற பெயர் அதற்கு இல்லை. ஆனால் அப்பெயர் கொண்ட பல திட்டங்களைவிட அது குழந்தைக்கு நெருக்கமானது.

அரசு ஏற்பாடுகளுள் முதன்மையானது, மக்கள் 'பால்வாடி' என்று அழைக்கும் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் இப்போது 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. இரண்டு வயது நிறைந்த குழந்தைகளுக்கு அங்கே மதிய உணவும் வாரத்தில் மூன்று நாள் முட்டையும் கிடைக்கும். அதற்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு வீட்டுக்குத் தரப்படும். அந்தப் பொட்டலத்தைப் பகிர்ந்துண்ணும் வீட்டில் சிறு குழந்தைக்கு உரிய பங்கு குறைந்துபோவது இயல்பே. மாதந்தோறும் எடை பார்த்து, தாய்-சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைக்கிறார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டியது புள்ளி எந்த நிறத்தில் விழுகிறது என்பதை மட்டுமன்று. மூன்று மாதப் புள்ளிகளை இணைத்தால் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். இயல்பான எடையைக் குறிக்கும் பச்சைப் பட்டையிலேயே இருந்தும் கோடு படுத்துவிட்டால், அது நோய்க்கோ பட்டினிக்கோ முன்னறிவிப்பு. தராசு பழுதான மாதத்தில்கூட, மேற்கையின் நடுப்பகுதியைச் சுற்றிப் பார்க்கும் ஒரு காகித நாடா போதும்: ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் மெலிவு, உடனே மருத்துவமனை.

உணவும் மருந்தும் மட்டும் வளர்ச்சியைத் தருவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் 2018இல் வெளியிட்ட 'பேணும் பராமரிப்பு' வரைவு, குழந்தையின் அசைவுக்கும் ஒலிக்கும் பெரியவர்கள் மறுமொழி தருவதை ஊட்டச்சத்துக்கு நிகராக வைக்கிறது. தோளில் போட்டுக்கொண்டு மிளகுக் கொடியைக் காட்டிப் பேசுவதும், 'சாய்ந்தாடம்மா' ஆடுவதும், கிண்ணத்தையும் மூடியையும் கொடுத்து உருட்ட விடுவதும் போதும். வாங்கிவர வேண்டிய விளையாட்டுச் சாமான் எதுவுமில்லை. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தையை 'அப்பன் வழி, மெதுவாகத்தான் பேசுவான்' என்று விட்டுவிடாமல் செவித்திறனைப் பார்க்கச் செய்ய வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைச் சோதிக்கக் கடமைப்பட்டது. கண்டறிந்தபின் தொடர் சிகிச்சைக்கு மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டியிருக்கிறது. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி ஏறினால் ஒருநாள் கூலி போய்விடும் என்பதால், வாரம் தவறாமல் தேவைப்படும் பேச்சுப் பயிற்சி இரண்டாம் மாதத்திலேயே நின்றுபோவதில் வியப்பில்லை. மலைமேல் உள்ள செம்மேட்டுக்கே பயிற்சியாளர் வரும் நாள் ஒன்று வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியைத் தருகிறது. ஆனால் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். இளவயதுத் திருமணத்தைத் தடுப்பது நிபந்தனையின் நோக்கம்; நோக்கத்தில் பிழையில்லை. ஆயினும் பதினேழு வயதில் தாயானவளின் குழந்தைக்கே எடை குறைவும் இரத்தசோகையும் நேரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், மிகுந்த தேவையுள்ள சிசுவை அந்த நிபந்தனை வெளியே நிறுத்துகிறது. திருமணத்தைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது; உதவிப் பணத்தையும் பெட்டகத்தையும் அதற்குக் கருவியாக்குவது முறையன்று.

எல்லாவற்றிலும் பெரிய இடைவெளி ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் இருக்கிறது. காப்பியும் மிளகும் பறிக்கும் பருவத்தில் தாய் வேலைக்குப் போனால், குழந்தை பாட்டியிடமோ பள்ளிக்குப் போகாமல் நின்ற அக்காவிடமோ இருக்கும். மூன்று நான்கு முறை ஊட்ட வேண்டிய கூழ் ஒருமுறையாகச் சுருங்கும். சத்தீஸ்கரின் பழங்குடிக் கிராமங்களில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்னும் மருத்துவர் அமைப்பு நடத்திய 'ஃபுல்வாரி' காப்பகங்கள், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை ஊர்ப்பெண்களின் பொறுப்பிலேயே பகலில் வைத்து ஊட்டின. மைய அரசின் 'பால்னா' திட்டத்திலும் அங்கன்வாடியோடு காப்பகம் சேர்க்க இடமுண்டு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. எடப்புளி நாட்டுப் பெற்றோர் அடுத்த சபையில் சாலைக்கும் விளக்குக்கும் தீர்மானம் எழுதும்போது, காப்பகம் ஒன்றையும், உமி நீக்கும் இயந்திரம் ஒன்றையும் அதே தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.