கலாத்தியர் திருமுகத்தில் சட்டமும் கிருபையும்: ‘உபாத்தி’ என்னும் சொல்லை முன்வைத்து

முன்னுரை

கிறித்தவ மீட்புக் கொள்கையில் சட்டத்தைக் கைக்கொள்ளுதலுக்கும் இறைவனின் கிருபையைச் சார்ந்திருத்தலுக்கும் உள்ள உறவை விளக்கும் தொன்மையான நூல்களுள் ஒன்று, பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகம். மோசேயின் சட்டம் ஆற்றிய பணியை அதில் அவர் ஓர் உருவகத்தால் விளக்குகிறார் (3:24). தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல், சட்டத்தை ‘நியாயப்பிரமாணம்’ என்றும், அவ்வுருவகத்தை ‘உபாத்தி’ என்றும் பெயர்த்துள்ளது. ‘உபாத்தி’ என்னும் சொல் மூலக் கருத்தை எந்த அளவிற்கு உணர்த்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருமுகத்தின் சூழல்

கலாத்தியா இன்றைய துருக்கி நாட்டில் அமைந்திருந்த பகுதி. அங்கிருந்த சபைகளில், யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும் எனச் சிலர் வற்புறுத்தினர். நாள்களையும் மாதங்களையும் விதிப்படி கைக்கொள்ளும் வழக்கமும் நுழைந்திருந்தது (4:10). பவுல் இதனைச் சடங்கு பற்றிய சிறு வேறுபாடாகக் கருதவில்லை. அந்தியோக்கியாவில் யூதரல்லாதாருடன் உண்டுவந்த கேபா, விருத்தசேதனமுள்ளோருக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகியபோது, பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார் (2:11-14). சட்டம் மீட்புக்கு நிபந்தனையானால் அதற்கு உட்படாதார் ஒரே பந்தியில் அமரவும் இயலாது என்பதை அந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

ஆசிரியரா, காவலரா?

‘உபாத்தி’ என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘பைதகோகோஸ்’. சிறுவனை நடத்திச் செல்பவர் என்பது அதன் சொற்பொருள். வசதி படைத்த இல்லங்களில் பெரும்பாலும் அடிமை ஒருவரே இப்பணியைச் செய்தார். சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுதல், நடத்தையைக் கண்காணித்தல், தவறினால் தண்டித்தல் ஆகியன அவருடைய கடமைகள். பாடம் கற்பித்தவர் வேறொருவர். அவரைக் குறிக்கும் சொல் ‘திதாஸ்கலோஸ்’. சிறுவன் வளர்ந்ததும் காவலரின் அதிகாரம் முடிவுற்றது.

‘உபாத்தி’ என்னும் தமிழ்ச் சொல்லோ கற்பிக்கும் ஆசிரியரையே குறிக்கிறது. ஆசிரியரிடம் கற்கக் கற்க மாணவரின் தகுதி உயரும். எனவே, சட்டம் மனிதரைப் படிப்படியாகத் தகுதிப்படுத்திக் கிறிஸ்துவிடம் சேர்க்கிறது என்று பொருள்கொள்ள இச்சொல் இடமளிக்கிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் பள்ளியாசிரியரைக் குறிக்கும் சொல்லே இவ்விடத்தில் உள்ளது. ஆனால் பவுலின் வாதம் கால வரையறையைச் சார்ந்தது. ஆபிரகாமுக்கு வாக்குறுதி முன்னரே அளிக்கப்பட்டது. சட்டம் 430 ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது (3:17). விசுவாசம் வந்தபின் காவலருக்குக் கீழ்ப்பட்டிருக்கும் நிலை இல்லை (3:25). பிள்ளைக்குரிய உரிமை தந்தை அளிப்பது. காவலர் அதனை ஈட்டித்தர இயலாது. 1 கொரிந்தியர் 4:15இலும் பவுல் இதே கிரேக்கச் சொல்லைத் தந்தைக்கு எதிர்நிலையில் வைப்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

கிருபையும் ஒழுக்கமும்

காவலர் நீங்கினால் ஒழுக்கம் குலையாதா என்னும் ஐயம் இயல்பானது. விடுதலையைத் தன்னல வேட்கைக்கு வாய்ப்பாக்கலாகாது எனப் பவுல் எச்சரிக்கிறார் (5:13). பிறரன்பில் சட்டம் முழுமையும் நிறைவேறுவதாகவும் கூறுகிறார் (5:14). அன்பு, பொறுமை, தன்னடக்கம் முதலியவற்றை அவர் ஆவியின் ‘கனி’ எனக் குறிப்பது (5:22-23) பொருள் பொதிந்தது. மரம் உயிருடன் இருப்பதால் கனி தருகிறது. கனியைக் கொடுத்து அது உயிரைப் பெறுவதில்லை. அவ்வாறே நற்செயலும் கிருபையின் விளைவாக அமைகிறது.

முடிவுரை

‘உபாத்தி’ என்பதைக் கற்பிப்பவராகக் கொண்டால் சட்டம் மீட்புக்கான பயிற்சியாகிறது. காவலராகக் கொண்டால் அதன் பணி மதிக்கப்படுவதோடு அதன் எல்லையும் புலனாகிறது. பவுலின் வாதத்திற்கு இரண்டாம் பொருளே இயைபுடையது. கிருபையைச் சார்ந்திருத்தல் என்பது ஒழுக்கத்தைக் கைவிடுதலாகாது. தண்டனை அச்சத்தால் பேணிய ஒழுக்கத்தை உரிமையுள்ள பிள்ளையாக அன்பினால் பேணுதலே ஆகும்.