டிப்ளோமசி (பலகை விளையாட்டு)

டிப்ளோமசி என்பது முதலாம் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவைக் களமாகக் கொண்ட, எழுவர் ஆடும் போர் உத்தி விளையாட்டு ஆகும். பெயருக்கு இராஜதந்திரம் என்பது பொருள். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அலன் கால்ஹேமர் (1931–2013) இதனை 1954 இல் உருவாக்கி, 1959 இல் வெளியிட்டார். இதில் பகடை இல்லை. வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் பேச்சுவார்த்தையே தீர்மானிக்கிறது.

ஆட்ட முறை

இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி ஆகியன ஏழு வல்லரசுகள். ரஷ்யா 4 படைகளுடனும் ஏனையவை 3 படைகளுடனும் 1901 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ஆட்டத்தைத் தொடங்குகின்றன. வரைபடத்தில் 34 வழங்கல் மையங்கள் உள்ளன. ஒரு மையம் ஒரு படையைப் பேண உதவும். 18 மையங்களைக் கைப்பற்றுபவர் வெல்கிறார்.

ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னர் ஆட்டக்காரர்கள் தமக்குள் தனியாகப் பேசிக்கொள்வர். பின்னர் அனைவரும் தத்தம் ஆணைகளை இரகசியமாக எழுதுவர். அவை ஒரே நேரத்தில் திறந்து வாசிக்கப்படும்.

ஆதரவு ஆணை

தரைப்படை, கடற்படை இரண்டும் சம வலிமை உடையவை. ஆகவே ஒரு படை தனித்து மற்றொன்றை வெளியேற்ற இயலாது. எடுத்துக்காட்டாக, பர்கண்டியில் உள்ள பிரெஞ்சுப் படை மியூனிக்கில் உள்ள ஜெர்மன் படையைத் தாக்கினால் இரண்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். அருகிலுள்ள டிரோலில் இருந்து இத்தாலியப் படை ஆதரவு அளித்தால், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மியூனிக் வீழும். வியன்னாவில் இருந்து ஆஸ்திரியப் படை டிரோலைத் தாக்கினால் அவ்வாதரவு அறுபடும். இவ்வாறு ஓர் ஊரின் கதி நான்கு நாடுகளின் முடிவைச் சார்ந்துள்ளது.

வாக்குறுதியும் துரோகமும்

எந்த உடன்பாடும் விதிகளால் ஆட்டக்காரரைக் கட்டுப்படுத்துவதில்லை. இத்தாலி ஆதரவு தருவதாகக் கூறிவிட்டு அதனை எழுதாமல் விடலாம். ஆயினும் ஆணைகள் வாசிக்கப்பட்டதும் அப்பொய் எழுவருக்கும் தெரிந்துவிடும். அடுத்த நகர்வுக்குத் துணை தேடும்போது இத்தாலியை நம்புவோர் குறைவர். எனவே துரோகத்தால் கிடைக்கும் ஆதாயம், இழக்கும் நம்பிக்கையை விடப் பெரியதா எனக் கணக்கிடுவதே இவ்விளையாட்டின் முதன்மைத் திறன் எனலாம்.

நம்பிக்கை இல்லாத இடத்திலும் உடன்பாடு சாத்தியமே. கருங்கடலுக்குள் மற்றவர் நுழைவதை ரஷ்யா, துருக்கி இரண்டுமே அஞ்சும். இருவரும் பேசி வைத்து ஒரே நேரத்தில் அங்கு படையை நகர்த்தினால் இரு படைகளும் திரும்பிவிடும். கடல் வெறுமையாக இருக்கும். ஒருவர் வாக்குத் தவறினாலும் மற்றவரது படை கருங்கடலில் நுழைந்துவிடும் என்பதால் இவ்வுடன்பாடு தன்னைத் தானே காத்துக்கொள்கிறது.

கணினி ஆட்டக்காரர்

2022 இல் மெட்டா நிறுவனம் சிசரோ என்னும் செயற்கை அறிவுத் திறன் நிரலை வெளியிட்டது. அது மனிதர்களுடன் இணையவழியில் 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் பங்கேற்றோருள் முதல் 10 விழுக்காட்டினருள் இடம்பெற்றது. பெரும்பாலும் நேர்மையாகப் பேசும்படி வடிவமைக்கப்பட்டதாகக் கூறப்பட்ட போதிலும், அது கூட்டாளிகளை ஏமாற்றியதாக 2024 இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று சுட்டிக்காட்டியது.