சாதுவான பெயர், கொடிய வில்லன்!

2018-ம் ஆண்டு டிசம்பரில் வெளியான "கே.ஜி.எப்." கன்னடப் படம், நம் ஊர்ப் பெயரை நாடெங்கும் கொண்டு போனது. படத்தில் வரும் சுரங்கத்துக்குப் பெயர் நராச்சி. அங்கே ஆட்களை அடிமைகளாக்கி வேலை வாங்கும் கொடியவன் பெயர் கருடா. 2022-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதீரா என்று ஒருவன். சஞ்சய் தத் அந்த வேடத்தில் வாளோடு வந்தார்.

கேட்டதுமே குலை நடுங்கும் பெயர்கள்தான். ஆனால் ஊரிகம் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பும் வரும். நம் லைனில் ராஜன் உண்டு, பிரசாத் உண்டு, அன்பரசு உண்டு. அதீராவுக்கு எங்கே போவது?

தமிழ்ப் படங்களில் விவரம் தெரிந்த கதாசிரியர்கள், வில்லனுக்கு எதிர்வீட்டுக்காரரின் பெயரையே வைத்தார்கள்.

பாட்டே இல்லாத படம்

1954-ல் ஏவி.எம். தயாரித்து, எஸ்.பாலசந்தர் இயக்கிய "அந்த நாள்" படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டே இல்லாத படம். சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட 1943-ம் ஆண்டில் நடக்கும் கதை. ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் சுடப்பட்டுக் கிடக்கிறான். ஐயோ பாவம் என்று நாம் இரக்கப்படுகிறோம். கடைசியில் பார்த்தால், எதிரிக்கு ரகசியம் விற்ற துரோகியே அவன்தான்! (படம் வந்து 70 ஆண்டுகள் ஆகிவிட்டதால் முடிவைச் சொல்வதில் தவறில்லை.) பெரிய கதாநாயகனாக வளர்ந்துகொண்டிருந்த சிவாஜி கணேசன் அந்த வேடத்தை ஏற்றதும், வில்லனுக்கு ராஜன் என்று பெயர் வைத்ததும் ஒரே தந்திரம்தான். சந்தேகம் வரவே கூடாது.

கொத்தமங்கலம் சுப்புவின் கதையை ஏ.பி.நாகராஜன் 1968-ல் "தில்லானா மோகனாம்பாள்" என்ற பெயரில் படமாக்கினார். அதில் பணமும் அதிகாரமும் படைத்தவர்கள் மோகனாவுக்கு வலை வீசுகிறார்கள். ஆனால் வலையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடுகிறவன் வைத்தி. நாகேஷ் நடித்தார். வைத்தியநாதன் என்பது நோய் தீர்க்கும் சாமியின் பெயர்! சிரிக்கச் சிரிக்கப் பேசி, ஒரு பெண்ணைப் பணக்காரர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கும் ஆளுக்கு அந்தப் பெயர். என்னைக் கேட்டால், கத்தி எடுத்த பல வில்லன்களைவிட வைத்திதான் பயங்கரம்.

கையைக் கட்டிக்கொண்டவன்

வைத்தியாவது ஓடியாடி வேலை பார்த்தான். 1976-ல் கே.பாலசந்தரின் "மூன்று முடிச்சு" படத்தில் ரஜினிகாந்த் ஏற்ற பிரசாத் பாத்திரம் செய்தது என்ன? ஒன்றுமே இல்லை. படகில் வந்த நண்பன் தண்ணீரில் விழுகிறான். பிரசாத் துடுப்புப் போட்டுக்கொண்டே போகிறான். அவ்வளவுதான். அடி இல்லை, வெட்டு இல்லை. ஓர் உயிர் போய்விடுகிறது.

1989-ல் "அபூர்வ சகோதரர்கள்" இதை வேடிக்கையாகவே செய்தது. நேர்மையான போலீஸ் அதிகாரியைக் கொல்லும் நால்வரின் பெயர்கள்: தர்மராஜ், பிரான்சிஸ் அன்பரசு, நல்லசிவம், சத்தியமூர்த்தி. தர்மம், அன்பு, நன்மை, சத்தியம் நான்கும் கூட்டுச் சேர்ந்து கொலை செய்கின்றன! 2006-ல் "வேட்டையாடு விளையாடு" படத்தின் கொலைகாரர்கள் இளமாறன், அமுதன். 2022-ல் "விக்ரம்" படத்து வில்லன் சந்தானம்.

கருடா என்று ஒருவன் எதிரே வந்தால் ஒதுங்கிப் போய்விடலாம். நம் சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு அப்படி ஒதுங்க வழி இருந்ததா? 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறையில் துளை போடும்போது கிளம்பியதன் பெயர் வெறும் தூசு. வீட்டில் பெண்கள் தினமும் துடைப்பத்தால் கூட்டித் தள்ளும் அதே சொல். அது நெஞ்சில் படிந்து, இருமலாகத் தொடங்கி, மூச்சையே அடைத்தது. "சிலிகோசிஸ்" என்ற அந்த நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது கோலார் தங்க வயலில்தான், 1947-ல்.

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டதே, அதற்குச் சொன்ன காரணத்தின் பெயரும் சாதுதான்: நஷ்டம். எந்தக் குமாஸ்தாவும் கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பழகிய சொல். அதன் பிறகுதான் மாரிக்குப்பத்தில் புறப்படும் விடியற்காலை ரெயிலில், பெங்களூர் வேலைக்கு ஓடும் கூட்டம் பெருகியது.

சினிமாவுக்கே திரும்புவோம். 2024-ல் பா.ரஞ்சித் கோலார் தங்கத்தைத் தேடிப் போனவர்களின் கதையை "தங்கலான்" என்று எடுத்தார். அதில் தங்கத்தைக் காவல் காக்கும் ஒரு சூனியக்காரி வருகிறாள். எல்லாரும் பெயரைச் சொல்லவே நடுங்குகிறார்கள். மாளவிகா மோகனன் நடித்த அந்தப் பாத்திரத்தின் பெயர் ஆரத்தி. புது மாப்பிள்ளை வந்தால் நம் வீட்டு வாசலில் சுற்றிக் கொட்டுவோமே, அதே ஆரத்தி!