பழைய ஓவியத்தைப் படியெடுத்தல்

பிறர் தீட்டிய ஓவியத்தைப் பார்த்து வரைவது இழுக்கு என்று மாணவர் பலர் கருதுகின்றனர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவனே. ஆங்கில நாட்டு வயல்களையும் வானத்தையும் தீட்டிப் புகழ்பெற்ற ஜான் கான்ஸ்டபிள் (1776–1837) என்பாரின் வரலாற்றைப் படித்த பின்னரே அவ்வெண்ணம் அகன்றது.

கான்ஸ்டபிள் இளைஞராயிருந்தபோது, ஜார்ஜ் போமான்ட் என்னும் செல்வர் தம்மிடமிருந்த சிறிய ஓவியம் ஒன்றை அவருக்குக் காட்டினார். லொரேன் பகுதியிற் பிறந்து உரோமாபுரியில் வாழ்ந்த கிளாடு என்ற ஓவியர் 1646-இல் தீட்டியது அது. உயரம் ஏறக்குறைய 52 செண்டிமீட்டர். அகலம் 42 செண்டிமீட்டர். பெரிய மரம் ஒன்றன் அருகே, விவிலியக் கதையில் வரும் ஆகார் என்ற பணிப்பெண்ணுக்குத் தேவதூதன் தோன்றுகின்றான். அப்பால் நீர்ப்பரப்பு, அதற்கும் அப்பால் ஒளியிற் கரையும் தொலைவு. போமான்ட் இதனைப் பிரிய மனமின்றிப் பயணங்களிலும் உடன் கொண்டு செல்வாராம். தம் ஓவியங்களை நாட்டிற்கு வழங்கிய பின்னரும், இதனை மட்டும் தம் வாழ்நாள்வரை வைத்துக்கொள்ளத் திரும்பக் கேட்டு வாங்கினார். 1827-இல் அவர் மறைந்த பிறகே அது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திற்கு மீண்டது. கான்ஸ்டபிள் இவ்வோவியத்தைக் கண்டதோடு நில்லாமல் படியெடுத்தும் பயின்றார்.

நான் பெற்றது இதன் வண்ண அச்சுப்படமே. அச்சில் நிறம் பிறழும் என்பதை அறிந்தே தொடங்கினேன். படத்தின்மேல் கட்டங்கள் இட்டு, கித்தானிலும் அதே எண்ணிக்கையிற் கட்டங்கள் வரைந்து, மேல் மூலையிலிருந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். இலைக்கு இலை ஒத்திருந்தது. ஒரு திங்கள் உழைத்து முடித்ததை என் ஓவிய ஆசிரியரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் நெடுநேரம் நோக்கினார். பிறகு, "தம்பி, இலையெல்லாம் இருக்கிறது, மரத்தைக் காணோமே!" என்றார். அன்றிரவு தூரிகைகளை எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் அவரே முறையைக் காட்டினார். கண்களைப் பாதி மூடிப் பார்க்கச் சொன்னார். அப்போது இலைகள் மறைந்து, இருளும் ஒளியும் ஆகிய நாலைந்து பெரும் பகுதிகள் மட்டுமே புலப்பட்டன. முதலில் அவற்றை மெல்லிய கபில நிறத்தில் இட்டு உலரவிட்டேன். பின்னர் வானத்திலிருந்து தொடங்கி, தொலைவு, நீர், இடைநிலம் என முன்னோக்கி வந்தேன். தொலைவிலுள்ள பொருள்கள் நீலம் கலந்து வெளிறும். அவற்றின் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடும் குறையும். காற்றிலுள்ள நுண்துகளும் ஈரமும் ஒளியைச் சிதறச் செய்வதே இதற்குக் காரணம். மரத்தின் இருளை அதன்பின் இட்டவுடன், ஒளி தானாகவே பின்னே சென்றது. இலைகளோ கடைசியில், ஓரங்களில் மட்டுமே வேண்டியிருந்தன.

உருவங்களில்தான் மீண்டும் இடறினேன். நிலக்காட்சியை விற்கிறேன், உருவங்களை இனாமாகத் தருகிறேன் என்று கிளாடு வேடிக்கையாகக் கூறுவார் என்பர். அதனை நம்பி அவற்றை அலட்சியமாக, சற்றே பெரிதாக வரைந்துவிட்டேன். உடனே பெருமரம் புதராகச் சுருங்கிவிட்டது! மரத்தின் உயரத்தையும் ஆற்றின் அகலத்தையும் நாம் அளப்பது அம்மனிதரைக் கொண்டே அல்லவா? ஈரம் காயுமுன் துணியால் துடைத்துவிட்டு, கால் பங்கு குறைத்து வரைந்தேன். மரம் மறுபடியும் நிமிர்ந்தது.

படியெடுத்ததைத் தமது என்று விற்பவன் திருடன், அதில் ஐயமில்லை. கிளாடே போலிகளுக்கு அஞ்சி, தாம் தீட்டிய ஓவியங்களைச் சிறு வரைபடங்களாக ஒரு நூலிற் பதிந்து வைத்தார். அந்நூல் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கான்ஸ்டபிள் செய்தது வேறு. 1802-இல் தம் ஊருக்கு அருகிலுள்ள டெடம் பள்ளத்தாக்கைத் தீட்டியபோது, கிளாடின் அமைப்பையே கையாண்டார்; ஆனால் அங்கே தோன்றுவது இத்தாலிய நிலமன்று, தம் ஊர் ஆறும் தேவாலயக் கோபுரமும். 1828-இல் அதே காட்சியை மீண்டும் பெரிதாகத் தீட்டினார். தேவதூதன் அதில் இல்லை. முன்னிலத்தில், தீயருகே, குழந்தையோடு நாடோடிப் பெண் ஒருத்தி அமர்ந்திருக்கின்றாள்.