திரையில் வரும் மருமகளும் நம் வீட்டு மருமகளும்

நாலு பெண்கள் ஓரிடத்தில் கூடினால் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. ஒரு காலத்தில் வானொலி நாடகத்தைப் பற்றிப் பேசினோம். பிறகு சென்னைத் தொலைக்காட்சிகளின் மெகா தொடர்களைப் பற்றிப் பேசினோம். இன்று நெட்பிளிக்ஸ், அமேசன் பிரைம் என்று இணையவழியாக வரும் இந்தியத் தொடர்களும் படங்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. கல்யாண வீட்டிலும், பாடசாலை வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போதும், "அதைப் பார்த்தீங்களா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

சகோதரிகளே! இவற்றில் பல, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தக்கவையல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எதைப் பார்ப்பது, எதைத் தவிர்ப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஒவ்வொரு வீட்டாருக்கும் உண்டு. ஆனால் இங்கே நாம் சிந்திக்கப் போவது வேறொன்று. பார்த்தவர்கள் பார்த்ததைப் பற்றிப் பேசுகிறோம். கதாநாயகிக்காகக் கண்ணீரும் வடிக்கிறோம். அந்தப் பேச்சு எங்கே போய் முடிகிறது?

அண்மைய வருடங்களில் இந்தியாவில் அதிகம் பேசப்பட்ட மூன்று படைப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று பெண் பார்ப்பதைப் பற்றியது. மற்றொன்று கல்யாணத்தைப் பற்றியது. மூன்றாவது, கல்யாணம் முடிந்து அவள் நுழையும் குசினியைப் பற்றியது. ஒரு பெண்ணின் வாழ்க்கைப் பாதையையே இம்மூன்றும் காட்டிவிடுகின்றன.

நிறமும் உயரமும்

2020 ஜூலையில் நெட்பிளிக்ஸில் "இந்தியன் மேட்ச்மேக்கிங்" என்ற நிகழ்ச்சி வெளியானது. இது கற்பனைக் கதையல்ல. மும்பையைச் சேர்ந்த சீமா தபாரியா என்ற கல்யாணத் தரகர் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வசதியான குடும்பங்களுக்கு வரன் தேடுவதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். படித்தவர்கள், நல்ல உத்தியோகம் பார்ப்பவர்கள், உலகம் சுற்றியவர்கள்தான் அதில் வருகிறார்கள். ஆனால் பெண்ணைப் பற்றிய எதிர்பார்ப்பு மட்டும் பழையதுதான். வெள்ளையாக இருக்க வேண்டும், உயரமாக இருக்க வேண்டும், வளைந்துகொடுத்து நடக்க வேண்டும்! இத்தனை வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால், விட்டுக்கொடுக்கப் பழகு என்ற புத்திமதி அவளுக்குக் கிடைக்கிறது.

நிகழ்ச்சி வெளியானதும் இந்தியாவில் பெரும் விவாதம் எழுந்தது. அதே 2020ஆம் ஆண்டில்தான் பிரபல திருமண இணையத்தளம் ஒன்று, தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எதிர்ப்பின் காரணமாக நீக்கியது. நம் நாட்டுக் கடைகளிலும் பல காலமாக விற்பனையான "ஃபெயார் அன்ட் லவ்லி" முகப்பூச்சு, "க்ளோ அன்ட் லவ்லி" என்று பெயரை மாற்றிக்கொண்டதும் அதே வருடம்தான். பெயர் மாறியது. பெண் பார்க்கப் போகிறவர்களின் கண் மாறியதா? "பிள்ளை நல்லம், ஆனால் கொஞ்சம் நிறம் குறைவு" என்று மெல்லிய குரலில் சொல்லும் பேச்சு நம்மிடையே நின்றுவிட்டதா?

அன்பளிப்பு என்ற பெயரில்

அடுத்தது "மேட் இன் ஹெவன்". சோயா அக்தரும் ரீமா காக்தியும் உருவாக்கிய இத்தொடரின் முதல் பகுதி 2019 மார்ச்சிலும் இரண்டாம் பகுதி 2023 ஆகஸ்டிலும் அமேசன் பிரைமில் வெளியாயின. புதுடில்லியில் பணக்கார வீட்டுக் கல்யாணங்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கதை இது. ஒவ்வொரு கல்யாணத்திலும் பூ அலங்காரத்துக்குப் பின்னால் ஓர் உண்மை ஒளிந்திருக்கும்.

அதில் ஒரு கல்யாணத்தில், மணப்பெண் நன்கு படித்து, நல்ல உத்தியோகத்தில் இருப்பவள். சீதனத்துக்கு எதிரானவள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கேட்டதை, மகளுக்குத் தெரியாமல் பெற்றோர் கொடுக்க ஒப்புக்கொள்கிறார்கள். விஷயம் தெரியவந்ததும் அவள் அந்தக் கல்யாணமே வேண்டாம் என்று வெளியேறுகிறாள்.

பார்க்கும்போது நமக்குக் கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் திரைக்கு வெளியே நிலைமை என்ன? இந்தியாவில் சீதனத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவனையும் அவனது உறவினரையும் தண்டிக்க 1983இலும், சீதனச் சாவுகளுக்கென்று தனியாக 1986இலும் குற்றவியல் சட்டத்தில் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும் இவை இடம்பெற்றுள்ளன. இவ்வளவு இருந்தும், 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 6,400க்கும் மேற்பட்ட சீதனச் சாவு வழக்குகள் அங்கு பதிவாகின. கணக்குப் பார்த்தால், ஒரு நாளைக்குப் பதினேழு!

சட்டம் ஏன் தோற்கிறது? உலக வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1960 முதல் 2008 வரை இந்தியக் கிராமங்களில் நடந்த சுமார் 40,000 திருமணங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 95 சதவீதமானவற்றில் சீதனம் கொடுக்கப்பட்டிருந்தது. எல்லாரும் செய்யும் ஒன்றை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. சட்டத்திலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. கேட்காமல் கொடுக்கும் அன்பளிப்புக்குத் தடையில்லை. எனவே யாரும் "சீதனம் தாருங்கள்" என்று கேட்பதில்லை. "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் மகளுக்கு நீங்கள் விரும்பியதைச் செய்யுங்கள்" என்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம், பெண்ணைப் பெற்றவரின் இரவுத் தூக்கத்தைப் பறித்துவிடுகிறது.

இந்த வாக்கியத்தை நாமும் கேட்டிருக்கிறோம், இல்லையா? கைக்கூலி என்றும் நகை என்றும் வீடுவளவு என்றும் நம் ஊர்களிலும் அது வந்துகொண்டுதான் இருக்கிறது. மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே பாலைவன நாடுகளில் வருடக்கணக்கில் உழைத்த வாப்பாமார் எத்தனை பேர்! மஹர் கொடுக்க வேண்டியவன் மணமகன் என்று சூரத்துந் நிஸாவின் 4ஆம் வசனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நிக்காஹ் மேடையில் மஹர் தொகையைச் சத்தமாக வாசிக்கிறோம். அதைவிடப் பன்மடங்கு எதிர்த் திசையில் போவதை மட்டும் வாசிப்பதில்லை.

ஒழுகும் தொட்டி

மூன்றாவது, ஒரு மலையாளப் படம். பெயர் "தி கிரேட் இண்டியன் கிச்சன்". ஜியோ பேபி இயக்கிய இப்படம் 2021 ஜனவரியில் நீஸ்ட்ரீம் என்ற சிறிய கேரள இணையத் தளத்தில்தான் முதலில் வெளியானது. பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அது பரவியது. பிறகு அமேசன் பிரைமுக்கும் வந்தது. 2023இல் தமிழிலும், 2025இல் "மிஸஸ்" என்ற பெயரில் ஹிந்தியிலும் மீண்டும் எடுக்கப்பட்டது. ஹிந்திப் படம் வந்தபோது, ஆண்களின் உரிமைக்காக இயங்குவதாகச் சொல்லும் ஓர் அமைப்பு, வீட்டு வேலையில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்டுச் சண்டைக்கு வந்தது!

இப்படத்தில் அடி உதை இல்லை. கணவன் பாடசாலை ஆசிரியர். மாமனார் மரியாதையாகப் பேசுகிறவர். ஆனால் சோறு குக்கரில் வேண்டாம், விறகடுப்பில்தான் வேக வேண்டும். உடுப்பை இயந்திரத்தில் போடக்கூடாது, கையால்தான் துவைக்க வேண்டும். சாப்பிட்டவர்கள் எச்சிலை மேசையிலேயே போட்டுவிட்டு எழுந்து போவார்கள். பட்டம் பெற்ற மாமியார், கணவருக்குப் பற்தூரிகையைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பார். பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் ஒழுகுகிறது. திருத்த ஆள் கூப்பிடும்படி மருமகள் கேட்கிறாள். கணவன் மறந்துவிடுகிறான். மறுபடியும் கேட்கிறாள். மறுபடியும் மறக்கிறான். அந்த நாற்றத்தோடு அவள் வேலை செய்கிறாள்.

படம் முழுவதும் அவளுக்குப் பெயரே கிடையாது. ஒருவேளை, எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம் என்பதற்காகத்தானோ!

இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் இந்திய அரசாங்கமே எடுத்த கணக்கைப் பார்க்கட்டும். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். கிட்டத்தட்ட ஐந்து மணித்தியாலத்துக்கு எதிராக ஒன்றரை மணித்தியாலம். அந்த ஐந்து மணித்தியாலத்துக்குச் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை.

பேச்சு முடியும் இடம்

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். இத்தகைய கதைகளைப் பார்க்கும்போது நாமெல்லாரும் மருமகளின் பக்கம் நிற்கிறோம். ஒருவர் கூட மாமியாராகத் தன்னை எண்ணிக்கொள்வதில்லை. ஆனால் இருபது வருடங்களில் நம்மில் பலர் அந்த இடத்தில்தான் இருக்கப் போகிறோம். சிலர் இப்போதே இருக்கிறோம். அந்த மலையாளப் படத்தில், மாதவிடாய்க் காலத்தில் மருமகள் மேல் கடுமையான கட்டுப்பாடுகளைச் சுமத்துவது ஒரு பெண் உறவினர்தான் என்பதைக் கவனித்தீர்களா?

கடைசியில் மருமகள் அந்த வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். பார்ப்பவர்களுக்கு நிம்மதி. ஆனால் படம் அங்கே முடியவில்லை. அதே வீடு, அதே மேசை. அவன் மறுபடி கல்யாணம் செய்திருக்கிறான். தான் குடித்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போகிறான். வேறொரு பெண் அதைக் கழுவுகிறாள்.

சகோதரிகளே, தோழிகள் கூடிப் பேச வேண்டிய இடம் அதுதான். ஒருத்தி வெளியேறியதால் அவள் தப்பினாள், வீடு மாறவில்லை. ஏனென்றால், அந்தக் கோப்பையைக் கழுவ அவனை யாரும் பழக்கவில்லை. கழுவும் தகப்பனையும் அவன் சிறுவயதில் பார்த்ததில்லை. மகளுக்கு ஏழு வயதிலேயே தும்புத்தடியைக் கொடுக்கிறோம். மகன் சாப்பிட்டு எழுந்தால், "வை மகன், உம்மா எடுக்கிறன்" என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். அந்த அன்புக்கான விலையை இன்னொரு வீட்டுப் பிள்ளை பிறகு கட்டுகிறாள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். குசினி வேலை ஆண்மைக்கு இழுக்கு என்று நினைக்கும் கணவருக்கும் மகனுக்கும் இதைவிட வேறு பதில் வேண்டுமா?

எனவே அடுத்த முறை நாலு பேர் கூடி இக்கதைகளைப் பேசும்போது, கூடவே இவற்றையும் பேசுங்கள். மகனுக்குப் பெண் பார்க்கப் போகையில் நிறத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று நம்மில் எத்தனை பேர் முடிவெடுக்கலாம்? "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லும்போது, உண்மையிலேயே ஒன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க நாம் ஆயத்தமா? நம் வீட்டில் எது ஒழுகுகிறது, யார் அதைப் பல நாளாகச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை?

பெரிய மாற்றங்களை ஒரே நாளில் செய்ய முடியாது. ஆனால் இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் மகனிடம் ஒன்று சொல்லலாம்: "மகன், உங்கட பீங்கானை நீங்களே கழுவி வையுங்கோ." முதல் நாள் முகம் சுளிப்பான். பத்தாம் நாள் பழகிவிடும். அவனைக் கைப்பிடிக்கப் போகும் அந்த முகம் தெரியாத பிள்ளைக்கு, ஒரு தாய் இப்போதே கொடுத்து வைக்கக்கூடிய நல்ல அன்பளிப்பு அது.