ஹோம் கிராமத்து இரும்புத் தூண்

இங்கிலாந்தின் தேசப் படத்தை விரித்து, லண்டனிலிருந்து வடக்கே விரலை நகர்த்திக்கொண்டு போனால் ஏறக்குறைய 75 மைலில் பீட்டர்பரோ என்னும் நகரம் தென்படும். அதற்குச் சுமார் ஏழு மைல் தெற்கே ஹோம் என்றொரு சிறு கிராமம் இருக்கிறது. முன்னாளில் ஹண்டிங்டன்ஷயரைச் சேர்ந்திருந்த இவ்வூர் இன்று கேம்பிரிட்ஜ்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்தது. கோட்டை கொத்தளங்களோ, கீர்த்தி பெற்ற மாளிகைகளோ இல்லாத ஊர். ஆயினும் அதன் கிழக்கே சதுப்புக் காட்டில் நிற்கும் ஓர் இரும்புத் தூணை நாம் அறிந்துகொள்வது நல்லது.

தூண் தரைக்கு மேல் 13 அடி உயரம் நிற்கிறது. ஆனால் அதை அவ்வளவு உயரமாக யாரும் நாட்டவில்லை. 1848-ல் முதலில் ஓர் ஓக் மரக் கம்பத்தை அங்கே அடித்து இறக்கினார்கள். சில ஆண்டுகளில் அதை எடுத்துவிட்டு இரும்புத் தூணை நிறுத்தினார்கள். அடி, கீழேயுள்ள கெட்டியான களிமண்ணில் ஊன்றியிருந்தது; உச்சி, அன்றைய தரை மட்டத்தோடு சரியாக இருந்தது. அதற்குப் பின் தூண் ஓர் அங்குலமும் எழும்பவில்லை. சுற்றியிருந்த பூமிதான் இறங்கிப் போயிற்று. இன்று அவ்விடம் கடல் மட்டத்திற்கு 9 அடி கீழே இருக்கிறது. பிரிட்டன் தீவிலேயே அதைவிடத் தாழ்ந்த தரை வேறில்லை.

பூமி எப்படி இறங்கும்? அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

நீர் நாடு

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வாஷ் என்னும் குடாவைச் சுற்றி ஏறக்குறைய 1,500 சதுர மைல் பரப்புள்ள சமவெளி ஒன்று உண்டு. அதற்கு ஃபென் நாடு என்று பெயர். விதம், வெல்லண்ட், நீன், கிரேட் ஊஸ் ஆகிய நான்கு ஆறுகள் அதன் வழியாகவே கடலை அடைகின்றன. தரைக்குச் சரிவு இல்லாமையால், மாரிக்கால வெள்ளம் போக வழியின்றி மாதக்கணக்கில் தேங்கி நிற்கும். இவ்வாறு தேங்கிய நீரில் பல்லாயிரம் ஆண்டுகளாக நாணலும் கோரையும் முளைத்து மடிந்தன. நீருக்கடியில் காற்றுப் படாமையால் அவை முழுதும் மக்கிப்போகாமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கறுத்து, பஞ்சு போன்ற மண்ணாயின. இம்மண்ணுக்குப் பீட் என்று பெயர். வெட்டி உலர்த்தினால் விறகு போல எரியும். ஹோமுக்கு அருகில் பீட்டின் கனம் 22 அடி இருந்தது.

சதுப்பின் நடுவேயுள்ள மேட்டிடத்தை, டென்மார்க்கிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் தங்கள் பாஷையில் ‘ஹோம்’ என்றார்கள். ஊரின் பெயரே அதன் பூகோளத்தைச் சொல்லிவிடுகிறது.

இந்நாட்டு ஜனங்கள் நீரை நம்பியே வாழ்ந்தார்கள். கோடையில் வெள்ளம் வடிந்த பொதுப் புல்வெளிகளில் மாடு மேய்த்தார்கள். மாரியில் விலாங்கு பிடித்தார்கள். காட்டு வாத்துக்களை வலை வீசிப் பிடித்தார்கள். கூரை வேய நாணல் அறுத்தார்கள். விலாங்கு அங்கே நாணயத்திற்குச் சமானம். ராம்ஸே மடத்துத் துறவிகள், பார்னாக் என்ற இடத்தில் கட்டடக் கல் வெட்டிக்கொள்ளும் உரிமைக்காகப் பீட்டர்பரோ மடத்திற்கு ஆண்டுதோறும் 4,000 விலாங்குகளை அளந்து வந்தார்கள். இவ்வாழ்க்கையில் கஷ்டமும் இல்லாமலில்லை. சதுப்புக்கே உரிய முறைக்காய்ச்சல் குடும்பங்களை வாட்டிற்று. அதற்கு மருந்தாகத் தோட்டத்துக் கசகசாக் காயைக் கொதிக்கவைத்துக் குடித்தே பலர் அபினிக்கு அடிமையானார்கள்.

பிரபுவும் புலிகளும்

நீரை வடித்துவிட்டால் பொன் விளையும் பூமி கிடைக்குமே என்ற எண்ணம் பதினேழாம் நூற்றாண்டில் பணக்காரர்களுக்கு உண்டாயிற்று. 1630-ல் பெட்ஃபோர்ட் பிரபு இவ்வேலையை ஏற்றார். மறு ஆண்டில் 13 பேர் அவரோடு பங்காளிகளாகச் சேர்ந்தனர். மொத்தம் 95,000 ஏக்கர் நிலம் ஒதுக்குவதாக ஏற்பாடு. அதில் அரசருக்கும் பங்கு உண்டு. வெர்மூடன் என்னும் டச்சு எஞ்சினீயர் 1637-க்குள் 21 மைல் நீளமுள்ள நேரான கால்வாய் ஒன்றை வெட்டி முடித்தார். அது இன்றும் பழைய பெட்ஃபோர்ட் ஆறு என்று வழங்குகிறது.

நிலம் யாருடையது என்று மட்டும் ஒருவரும் ஏழைகளைக் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மேய்ச்சலும் மீனும் நாணலும் ஊர்ப் பொதுவாக இருந்தன. வேலி போட்டவுடன் பிரபுவின் சொத்தாகிவிட்டன. ஜனங்கள் கரைகளை உடைத்தார்கள், கால்வாய்களைத் தூர்த்தார்கள். இவர்களுக்கு ஃபென் புலிகள் என்று பெயர் வந்தது. ஹண்டிங்டனில் பிறந்த ஆலிவர் கிராம்வெல் அந்நாளில் இவர்கள் பக்கம் பேசினார். ஆனால் அரசரை வீழ்த்திய பார்லிமெண்டே 1649-ல் புதுச் சட்டம் செய்து வேலையைத் தொடர்ந்தது. 1650-ல் டன்பார் யுத்தத்தில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளைக் கொண்டு மண் வெட்டுவித்தார்கள். ஆட்சி மாறிற்று, பொதுநிலத்தை இழந்தவர்களின் கதி மாறவில்லை.

நீர் வடிந்ததும் கறுப்பு மண் அமோகமாக விளைந்தது. ஆனால் சில பத்தாண்டுகளுக்குள் தரை தாழத் தொடங்கிற்று. கால்வாய்கள் வயல்களைவிட உயரமாகிவிட்டன. நீரை மேலே இறைத்துக் கால்வாயில் விடக் காற்றாலைகள் வேண்டியிருந்தன. தரை மேலும் தாழ்ந்தது. காற்றாலைகளின் வலிமை போதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி யந்திரங்கள் வந்தன. பின்னர் டீஸலும் மின்சாரமும் வந்தன. இன்றும் அங்கே ஆறு மேலே கரைகட்டி ஓட, அதற்குக் கீழே வயல் கிடப்பதைக் காணலாம்.

ஏரி வற்றிய கதை

இவ்வளவுக்கும் தப்பி நின்றது ஹோமுக்குப் பக்கத்திலிருந்த விட்டில்ஸி ஏரி. தென் இங்கிலாந்தின் சமவெளிகளில் அதைவிடப் பெரிய ஏரி இருந்ததில்லை. கோடையில் சுமார் 1,500 ஏக்கர். மாரியில் அதைப் போல் இருமடங்கு பரவும். 1697-ல் குதிரையேறி இங்கிலாந்தைச் சுற்றி வந்த சீலியா ஃபியன்ஸ் என்னும் மாது இதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். குளிரில் ஏரி உறைந்துவிட்டால் சுற்றூர் ஜனங்கள் அதன்மேல் சறுக்கி விளையாடக் கூடுவார்கள்.

ஏரியை வற்றவைக்க முன்வந்தவர்களில் முக்கியமானவர் ஹோமைச் சேர்ந்த வில்லியம் வெல்ஸ் என்னும் நிலச்சுவான்தார். 1851-ல் லண்டன் ஸ்படிக மாளிகைப் பொருட்காட்சியில் அப்போல்ட் என்பவரின் நூதனப் பம்பு வந்திருந்தது. அவ்வகைப் பம்பு ஒன்று ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தது. நீர் குறையக் குறைய, சேற்றில் துள்ளிய மீன்களை அள்ளக் கூடைகளோடும் வண்டிகளோடும் ஜனங்கள் திரண்டார்கள். சேற்றில் புதையாமலிருக்கக் காலில் பலகை கட்டிக்கொண்டு நடந்தார்கள். அடியில் வெள்ளித் தூபக்கலசம் ஒன்றும், ஆட்டுத் தலை பொறித்த சாம்பிராணிப் பாத்திரம் ஒன்றும் அகப்பட்டன. இவை ராம்ஸே மடத்துப் பொருள்கள் என்பர். இப்பொழுது லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கின்றன. படகிலிருந்து எந்நாளிலோ நழுவி விழுந்த பெரிய கட்டடக் கற்களும் கிடைத்தன. 1852 நவம்பரில் கரை உடைந்து ஏரி மறுபடியும் நிரம்பிற்று. பம்பு அதையும் சில வாரங்களில் இறைத்துத் தீர்த்தது. மீனும் நாணலும் இருந்த இடத்தில் கோதுமை விளைந்தது.

தூண் இந்தக் காலத்ததுதான். நீரை வடித்தால் தரை தாழும் என்பது வெல்ஸுக்குத் தெரிந்தேயிருந்தது. எவ்வளவு தாழும் என்று அளக்கவே அதை நாட்டினார். தூணும் ஸ்படிக மாளிகையைச் சேர்ந்தது என்று கூறுவர். 1860-க்குள் ஏறக்குறைய 5 அடி வெளியே தெரிந்தது. 1892-ல் 10 அடி.

காரணம் யாதெனில், பீட் மண்ணில் பெரும்பகுதி நீரே. நீர் போனவுடன் பிழிந்த பஞ்சு போல அது சுருங்குகிறது. அதன்பின் காற்றுப் படுவதால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காதிருந்த தாவரப் பொருள் மக்கி, கரியமிலவாயுவாகி ஆகாயத்தில் கலக்கிறது. உலர்ந்த வசந்த காலத்தில் பலத்த காற்று வீசினால், எஞ்சிய மண்ணும் விதையோடு கறுப்புப் புழுதியாகப் பறந்துபோகிறது. இப்படி ஆண்டுக்குச் சுமார் அரை அங்குலம் கரையும் வயல்கள் உண்டு. லாபத்திற்கு ஆசைப்பட்டு முதலுக்கே மோசம் வந்த கதை இது. முந்நூறு ஆண்டு அறுவடை செய்தவர்கள் விளைச்சலை மட்டும் எடுக்கவில்லை. மண்ணையும் சிறிது சிறிதாகத் தின்று வந்திருக்கிறார்கள். பல இடங்களில் ஏர் இப்பொழுது அடிக் களிமண்ணையே கீறுகிறது.

நீரை அழைக்கிறார்கள்

சதுப்பு போனபோது அதை நம்பிய உயிர்களும் போயின. செம்பு நிறச் சிறகுகளையுடைய பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று இங்கே மிகுதியாக இருந்தது. 1850-க்குச் சற்று முன்பின்னாக அது இங்கிலாந்திலிருந்தே மறைந்தது. ஹோமுக்குத் தெற்கேயுள்ள உட்வால்டன் ஃபென்னைச் சார்லஸ் ராத்ஸ்சைல்ட் என்பவர் 1910-ல் வாங்கிக் காப்பாற்றினார். 1927-ல் ஹாலந்திலிருந்து அதே இனத்துப் பூச்சியைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். பல ஆண்டுகள் போஷித்தும் அது நிலைக்கவில்லை. நீரை ஓட்டுவதற்கு டச்சுக்காரர் வந்தது பலித்தது. போனதைத் திருப்புவதற்கு டச்சுப் பூச்சி வந்தது பலிக்கவில்லை!

தூண் நிற்குமிடம் இன்று காப்புக் காடு. பயிரிடுவதை விட்டபின் வெள்ளைப் பட்டையுடைய பிர்ச் மரங்கள் தாமே அடர்ந்து வளர்ந்தன. 2001-ல் தொடங்கிய ‘பெரிய ஃபென்’ என்னும் திட்டம், இக்காட்டையும் உட்வால்டன் ஃபென்னையும் இடையிலுள்ள வயல்களால் இணைத்து, சுமார் 9,000 ஏக்கரை மறுபடியும் ஈரநிலமாக்க முயல்கிறது. மண் நனைந்திருந்தால் கரைவது நின்றுவிடும். வெள்ளக் காலத்தில் சுற்றூர்களின் நீரையும் தாங்கும். நனைந்த நிலத்திலேயே சம்பு முதலியவற்றைப் பயிராக்கிப் பார்க்கும் சோதனையும் நடைபெறுகிறது. ஆனால் ஃபென்னின் பெரும்பகுதியில் இன்னும் கோதுமையும் உருளைக்கிழங்கும் காய்கறியும் விளைகின்றன. இங்கிலாந்தின் உணவுக்கு அந்த வயல்கள் வேண்டும். அவை நிலைத்திருக்கவோ மண் வேண்டும். இரண்டையும் எவ்வாறு காப்பது என்பதே அந்நாட்டு விவசாயிகளின் இன்றைய கவலை.

லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ரயிலேறும் நம்மவர்கள் ஹோமைக் கடந்துதான் போகவேண்டும். அங்கே ஸ்டேஷனை 1959-ல் மூடிவிட்டமையால் வண்டி நிற்பதில்லை. பீட்டர்பரோவுக்குச் சற்று முன், வலப்புறமாகப் பார்த்துக்கொண்டிருங்கள். தட்டையான கறுப்பு வயல்களின் நடுவே பிர்ச் மரங்களின் கூட்டம் ஒன்று தெரியும். தூண் அதற்குள்ளே நிற்கிறது.