சிவப்பு விளக்கு எரிந்தால் ஓட்டம் இல்லை
ஏறுபாதை – 9

ஆழியாறில் பஸ் ஏறினோம் என்று சென்ற வாரம் முடித்திருந்தேன். ‘ஓட வந்தவனுக்கு பஸ் எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். வால்பாறை போகும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி இருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம். அது நம் மைதானம் அல்ல.

ஒன்பதாவது வளைவில் பஸ் முக்கித் திரும்பியபோது பாறை விளிம்பில் ஒரு வரையாடு நின்றது. ‘வரை’ என்றால் மலை. பெயரிலேயே மலையை வைத்திருக்கும் நம் மாநில விலங்குக்கு, எனக்கு மூச்சு வாங்கும் சரிவெல்லாம் வீட்டுத் திண்ணை.

சனிக்கிழமை விடியலில், அனுமதி வாங்கியிருந்த எஸ்டேட் பாதையில் ஓடத் தொடங்கினேன். மே மாதம், பொள்ளாச்சி வெந்துகொண்டிருக்க, இங்கே வாயிலிருந்து புகை வந்தது. முதல் ஏற்றம் முடிவதற்குள் எதிரே மூன்று பெண்கள், கையில் கொழுந்து வெட்டும் கத்தரியுடன்.

“எங்க தம்பி ஓடறீங்க? அந்தப் பக்கம் லைட்டு எரியுது, பாக்கலையா?”

மேட்டில் ஒரு சிவப்பு விளக்கு. டவர் விளக்கு என்று நினைத்திருந்தேன். ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் யானை வந்தால், தகவல் தெரிந்தவர் செல்போனில் அழைப்பார். அந்த விளக்கு எரியும். குறுஞ்செய்தியும் வரும். 1890-களில் காட்டை வெட்டி இங்கே தோட்டம் போட்டார்கள். யானைகள் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. வால்பாறையில் யானையிடம் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர், அது நிற்பது தெரியாமல் எதிரே போனவர்கள். இந்த ஏற்பாட்டை முன்னெடுத்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது.

திரும்பினேன். போட்டு வைத்திருந்த 12 கிலோமீட்டர் கணக்கு மூன்றோடு முடிந்தது.

மிச்சமான காலைப்பொழுதில் புதுத்தோட்டம் போனேன். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய தொங்கு பாலத்தில் சிங்கவால் குரங்குகள் வரிசையாகக் கடந்தன. வண்டியில் அடிபடாமல் இருக்கக் கட்டிய பாலம். தாய் வயிற்றைப் பற்றியிருந்த குட்டி மட்டும் தலைகீழாக என்னைப் பார்த்தது. பிறகு, எங்கோ ரயில் கிளம்பினாற்போல் ஓர் இரைச்சல். பெரிய இருவாச்சியின் சிறகடிப்பு. ஆண் பறவை. மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு குஞ்சு வளர்க்கும் பெட்டைக்கு அத்திப்பழம் சுமக்கும் காலம் இது. அதன் ஓட்டத்துக்கு நேரக் கணக்கு வைக்க யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே ஏற்றம். விளக்கு எரியவில்லை. ஆனாலும் தொழிலாளர்கள் கூடும் மஸ்டர் பக்கம் நின்று, அதே பெண்கள் வரும்வரை காத்திருந்தேன். ஓடுவதற்கு என் கால்களைக் கேட்டால் போதும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தவன்.

“ராத்திரியே ஆத்தைத் தாண்டிருச்சுங்க. போங்க, போங்க.”

நாலாவது கிலோமீட்டரில் ஈர மண்ணில் வட்டமாக ஒரு தடம். பக்கத்தில் என் ஷூவை வைத்துப் பார்த்தேன். ஷூ முழுதாக அதற்குள் அடங்கும். சுற்றிலும் இடம் மீதி. தடத்தை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி ஓடினேன்.

(ஓட்டம் தொடரும்)